உப்புப்புல் அறுத்த நாள்

முதலில் அது தன் அரிவாளின் எதிரொலி என்றுதான் சடையன் நினைத்தான். இழுத்தால் கேட்க வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும், எதிரொலிக்கு அதுதானே முறை. அவன் நிறுத்தினான். அது நிற்கவில்லை. பின்னால், ஈரப்புல்லுக்குள், தரையோடு தரையாக, கறக், கறக், கறக். ஒரு பிடி அறுத்துக் கீழே போடுகிற நேரம் ஓய்வு. மறுபடி கறக். அவன் கையில் இருந்தது ஆள் உயரக் கழியின் நுனியில் மாட்டிய நீண்ட வளைந்த கத்தி. இந்த ஊர்க்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயர் நாக்கில் நிற்காததால் நீட்டரிவாள் என்று தானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே இடுப்பைச் சுழற்றி வீசினால் சர்ரென்று ஒரு பாய் அகலத்துக்குப் புல் படுக்கும். அதன் சத்தம் வேறு. கஃபியின் கையில் இருப்பதும் அதுதான், ஆமோஸ் மேஸ்திரியின் கையில் இருப்பதும் அதுதான், இந்த உப்பங்கழியில் இன்றைக்கு அறுப்புக்கு இறங்கியவர்கள் அவர்கள் மூன்று பேர்தான். கறக் என்பது பல் வைத்த கருக்கரிவாளின் சத்தம். குனிந்து, இடது கையால் தாளைப் பற்றி, வலது கையால் தன் பக்கம் இழுத்து அறுக்கிற சத்தம். பதினெட்டு வருஷமாக அவன் அதைக் கேட்டதில்லை. இந்தப் பண்ணையில் குனிந்து அறுக்கிறவர்கள் யாரும் இல்லை. நண்டாக இருக்கும். நண்டு தாளைக் கடிக்கும். ஆனால் நண்டு எதற்குப் பிடிக்கு ஒரு தரம் ஓய்வெடுக்கிறது?

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை, அதுதான் காரணம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி வீசத் தொடங்கினான். விடிந்ததிலிருந்து கடலோரத்தில் மதில்போல நின்றிருந்த மூடுபனி வெயில் ஏறினால் கலையும் என்று பார்த்தால், வெயிலையும் விழுங்கிக்கொண்டு கரையேறிவிட்டது. பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. வலது கைப்பக்கம் கொஞ்ச தூரத்தில் கஃபி பாடிக்கொண்டே அறுத்துக்கொண்டிருந்தான், ஆள் தெரியாமல் பாட்டு மட்டும் தெரிந்தது. காலையில் ஆமோஸ் குதிரைக்குக் கால்கட்டைகளை மாட்டியபடி, சேற்றில் புதையாமல் இருக்கக் குதிரைக்கும் இங்கே மரச் செருப்பு உண்டு, நிமிராமலே சொன்னார்: "இன்னிக்குப் பௌர்ணமித் தண்ணி. மத்த நாள் வாய்க்காலோட நின்னுடும், இன்னிக்குப் புல்லுமேலயே ஏறும். சங்கு கேட்டா கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு, சத்தத்தைப் பாத்து நடங்க. சைமன், உனக்குத்தான் சொல்றேன். புரிஞ்சுதா?" புரிந்தது என்று சடையன் தலையை ஆட்டினான். சைமன் என்றால் அவன்தான். நாலு பனிக்காலத்துக்கு முன்னால் தோர்ன் துரையின் கப்பல் சென்னப்பட்டணத்திலிருந்து துணியும் மிளகும் ஏற்றிக்கொண்டு வந்தபோது அவனும் சரக்கோடு சரக்காக இறங்கினான். பேர் என்னவென்று வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்டார்கள். சடையன் என்றான். சேடன், சேட்டன் என்று வாய்க்குள் உருட்டிப் பார்த்து, கடைசியில் அது அவர்களுடைய வேதத்துப் பேயின் பேராகவே வந்து நிற்க, துரைசாணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே அவனைச் சைமன் ஆக்கிவிட்டார்கள். முதல் வருஷம் தலைப்பாகை கட்டிவிட்டு விருந்தாளிகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். பார்த்துப் பார்த்து அலுத்ததும் பண்ணைக்கு அனுப்பினார்கள். அதில் அவனுக்கு வருத்தமில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, வேலிக்கல் அடுக்குவது, சோளம் உரிப்பது, எருவடிப்பது, கை அறிந்த வேலை. தஞ்சாவூர்ச் சீமையில் பண்ணையாளாகப் பிறந்தவன் பாஸ்டனுக்கு வடக்கே வந்தும் பண்ணையாள்தான். எங்கே போனாலும் மண்ணுக்கு அவனைத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் மண்ணில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும் அல்லவா. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று திடுக்கிட்டு, கையை வேகமாக வீசினான்.

கறக், கறக். சங்கைப் பற்றி நினைத்தால் இதைக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் சங்கும் நல்ல நினைப்பில்லை. வந்த புதிதில் ஒருநாள் உச்சிவேளையில் பண்ணைவீட்டுப் பக்கமிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டு, கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கஃபியிடம் ஓடினான். "யார் செத்தது?" "யாரும் சாகலையே." "அப்ப சங்கு?" கஃபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சாப்பாட்டுக்குக் கூப்பிடறாங்க!" மேலைத் தீவுகளிலிருந்து துரையின் கப்பல் கொண்டுவந்த பெரிய ரோஜாநிறச் சங்கு, அதன் முனையை வெட்டி ஆமோஸின் பெண்சாதி ரூத் தினமும் அடுக்களை வாசலில் நின்று ஊதுவாள். தினம் ஒரு சாவுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரிதான் நாலு வருஷமாக அவனுக்குச் சோறு இறங்கியது. சோறு ஏது, சோளக்கூழும் உப்புப் பன்றியும். கஃபிக்கு அது புரியாது. கஃபி துரையின் அப்பாவுக்கு அடிமையாக இதே பண்ணையில் பிறந்தவன். இங்கிலீஷ் ராஜாவை விரட்டிவிட்டு இவர்கள் தங்களுக்கென்று தேசம் வைத்துக்கொண்டபோது, இனி நீ அடிமை இல்லை என்று அவனுக்கும் ஒரு காகிதம் கிடைத்தது. காகிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் அதே மாட்டைத்தான் கறந்தேன் என்பான். அவனோடுதான் சடையன் பேசுவான். ஊரைப் பற்றி, ஆற்றைப் பற்றி, நெல்லைப் பற்றி. "கல்யாணம் ஆச்சா சைமன்?" என்று ஒருதரம் கேட்டான். "ஆச்சு." "எங்க இருக்கா?" "ஊர்ல." அது பொய்யில்லை. எங்கே இருந்தாலும் அவள் ஊரில்தான் இருப்பாள், அந்த வயல்தாக்கை விட்டு அவள் எங்கே போயிருக்க முடியும்.

தை பிறந்து நாலாம் நாள். சம்பா அறுப்பு. அவளும் அவனும் ஒரே தாக்கில், அவன் வடவரப்பை ஒட்டி, அவள் வாய்க்கால் பக்கம். குதிரைப்படை வருகிறது என்று ஒரு வாரமாகவே பேச்சு. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், ஆட்களையும் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அறுத்துப் போட்டுவிட்டு ஓடுங்களடா என்று சொல்லிவிட்டு மிராசுதார் முந்தின நாளே வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். வெயில் முதுகில் ஏறுகிற நேரம், தென்னந்தோப்புக்குப் பின்னால் தூசி. குதிரைகள். அவள் கிழக்கே ஓடினாள், நான் வடக்கே ஓடினேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஓடினோம், திசை மாறிவிட்டது, கூட்டத்தில் சிதறிவிட்டோம். நாகப்பட்டினத்துக் கரையில் தோணிக்கு மூட்டை தூக்கியபோது கேட்டவர்களுக்கு இப்படித்தான் சொன்னான். கப்பலில் இருந்தவர்களுக்கு இப்படித்தான் சொன்னான். சொல்லச் சொல்ல அது உருண்டு திரண்டு கூழாங்கல்லாகி, எந்தப் பக்கம் தொட்டாலும் குத்தாமல் ஆகிவிட்டது. அவள் கிழக்கே ஓடினாள். கிழக்கே என்ன இருந்தது? கிழக்கே வாய்க்கால். வாய்க்காலில் ஆள் முழுகுகிற தண்ணீர். அவள் எப்படிக் கிழக்கே ஓடியிருப்பாள்? சடையனின் வீச்சு தப்பியது. கத்தி ஒரு மேட்டில் குத்தி நின்றது. அந்த நிசப்தத்தில், கறக், கறக், முன்னைவிடக் கிட்டத்தில். புல் வாசனையும் மாறியிருந்தது. உப்பும் அழுகிய சிப்பியும் கலந்த வாடைக்கு நடுவில் ஒரு இழை, ஒரே ஒரு இழை, காய்ந்த நெல்தாளின் வாசனை.

அப்போதுதான் சங்கு ஊதியது. உச்சிவேளைச் சங்கு அல்ல, அது மூன்று ஊது ஊதி ஓயும். இது ஓயாமல் ஊதியது, மூச்சு வாங்கி வாங்கி. தண்ணீர் திரும்பிவிட்டது. சடையன் கீழே பார்த்தான். புல்லின் அடித்தூர்களுக்கு நடுவில் வெள்ளிப் புழுக்கள்போலச் சின்னச் சின்னதாக ஏதோ நெளிந்து நகர்ந்தது. கடல்தான். அலை இல்லை, சத்தம் இல்லை, வேர்க்காலிலிருந்து வியர்வை கசிகிற மாதிரி தரையே தண்ணீரைக் கசிந்துகொண்டிருந்தது. நீட்டரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு சங்கைப் பார்த்து நடந்தான். போட்டுவிட்டு வா என்றுதான் ஆமோஸ் சொன்னார், ஆனால் கருவியைப் போட்டுவிட்டு ஓடுவது என்றால் கை கூசியது. ஒருதரம் போட்டுவிட்டு ஓடினவன். பனிக்குள்ளிருந்து வைக்கோற்போர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தண்ணீர் தொடாமல் இருக்கச் சேற்றில் கட்டைகளை நட்டு அவற்றின்மேல் போர் வைப்பது இங்கே வழக்கம். ஒல்லிக்கால்களும் பெரிய தலையுமாக, தலைச்சுமையோடு வரப்பில் வருகிற பெண்களைப்போல இருந்தன. ஒன்று, இரண்டு, நாலு. கிட்டே போனால் வைக்கோல். தாண்டிப் போனதும் பின்னால் நின்று பார்ப்பதுபோல முதுகில் குறுகுறுத்தது. சங்கு முன்னால் ஊதியது. கொஞ்சம் நடந்ததும் இடப்பக்கம் ஊதியது. பனிக்குச் சத்தத்தை இடம்மாற்றி வைக்கத் தெரியும் என்று கஃபி சொல்லியிருக்கிறான். ஆனால் பின்னால் கேட்ட சத்தத்தைப் பனி இடம்மாற்றவில்லை. அது நேர் பின்னால், அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர் பின்னால், விரையாமல், நிற்காமல். கறக், கறக், கறக், ஓய்வு.

அவள் என்னைக் கூப்பிட்டாள். சரி, ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது அவன் அந்த இடத்துக்கு வந்துவிட்டிருந்தான். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, காய்ச்சலிலோ குடியிலோ, வருகிற இடம். அவள் கிழக்கே ஓடவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டாள், இந்தா, இந்தா, நில்லு என்று கூப்பிட்டாள், எனக்குக் கேட்டது, நான் நிற்கவில்லை. அது பாவம்தான். ஆனால் யார் நின்றிருப்பார்கள்? குதிரைக் குளம்பு காதில் விழுந்தபிறகு யாருக்குக் கால் நிற்கும்? இந்த இடத்துக்கு வந்ததும் அழுகை வரும், அழுததும் கொஞ்சம் லேசாகும், தன்னைத் தானே அடித்துக்கொண்ட நிம்மதி. இன்றைக்கு அழுகை வரவில்லை. அவள் கூப்பிட்ட குரலை நினைவில் தேடினான். இந்தா. எந்தச் சுருதி? கீச்சென்றா, கட்டைத் தொண்டையா? அவள் குரல் அவனுக்குத் தெரியும், சண்டை போட்ட குரல், முணுமுணுத்த குரல், இருட்டில் சிரித்த குரல். இந்த ஒரு குரல் மட்டும் எதிலும் பொருந்தாமல், அவனுடைய குரலாகவே இருந்தது. அவள் கூப்பிடவில்லை. சடையன் நின்றுவிட்டான். தண்ணீர் கெண்டைக்கால்வரை வந்து குளிர்ந்தது. அவள் கூப்பிடவேயில்லை. அவள் குதிரையைப் பார்க்கவேயில்லை. முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள், ஒரு பிடி அறுத்து அரி போட்டாள், அடுத்த பிடியைப் பற்றினாள், அதுதான் அவன் கடைசியாகப் பார்த்தது. தூசியைப் பார்த்தவன் அவன். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இருபது முப்பது அடி. சத்தம் போட்டால் குதிரைக்காரனுக்குக் கேட்டுவிடும் என்று, மூச்சைக்கூட வாய்க்குள் அடக்கிக்கொண்டு, அரிவாளை அரிமேல் மெதுவாக, சத்தமில்லாமல், பூவை வைப்பதுபோல வைத்துவிட்டு ஓடினான். வரப்பு தாண்டும்வரை பின்னால் கேட்டது அது ஒன்றுதான். கறக், கறக். கத்தியிருக்கலாம். கத்தியிருந்தாலும் அவளுக்கு, என்று நினைப்பு போய் ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது.

முன்னால் சங்கு. இன்னும் ஐந்நூறு அடி இருக்கலாம், கெட்டித்தரை, வேலிக்கல், அடுக்களை, அடுப்பு. பின்னால் ஏறிவருகிற தண்ணீர். தண்ணீருக்குள் நின்றுகொண்டு எப்படி அறுக்கிறாள், தாள் நனைந்துவிடுமே என்று ஒரு முட்டாள் யோசனை வந்தது, அந்த யோசனைதான் அவனைத் திருப்பியது. பயம் தெளிந்து திரும்பினான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூத்திரம் சூடாகக் காலில் இறங்கியது அவனுக்கே தெரிந்தது. சங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தான். பதினெட்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை வாயைத் திறந்து விட்டான். "ஓடியா! ஏ காத்தாயி! குதிரை வருது, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியா புள்ளே! காத்தாயி!" தமிழைக் கேட்டறியாத அந்தப் பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. அறுப்புச் சத்தம் நிற்கவில்லை. அவன் மறுபடி கத்தினான். கத்திக்கொண்டே நடந்தான். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அப்போது, அறுப்புச் சத்தம் கேட்ட அதே இடத்திலிருந்து, ஒரு மனிதக்குரல் பதில் சொன்னது.

"இங்க! இங்க இருக்கேன்! சைமன்!"

கஃபி. அப்போதுதான் சடையனுக்கு உறைத்தது, பாட்டு நின்று எவ்வளவு நேரமாயிற்றோ. அது நின்றதை இவன் கவனிக்கவேயில்லை. புல்லுக்கு நடுவில் ஒரு சேற்றுக்குழி, மேலே பச்சைப்பாசி படர்ந்து தரைபோலவே தெரியும், அதில் இடுப்புவரை இறங்கிவிட்டிருந்தான். மேலே ஏறிய தண்ணீர் மார்பைத் தாண்டிக் கழுத்தெலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு கைகளும் தண்ணீருக்குள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன.

"ஆட்டாதே காலை! ஆட்டினா இன்னும் இறங்கும். எங்க ஊர்ச் சேறும் இப்படித்தான்." சடையன் விளிம்பில் மண்டிபோட்டு, தாடை தண்ணீரைத் தொடக் குனிந்து, நீட்டரிவாளின் கத்தி தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, கழியை நீட்டினான். தண்ணீர் அவன் வாய்க்குள் புகுந்தது. "பிடி. ரெண்டு கையாலயும்."

"பிடிச்சா நீயும் வந்துடுவே."

"பிடிடா!"

கஃபி பிடித்தான். கத்தியின் முதுகுப்பக்கத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு சடையன் மண்டியாலேயே பின்னால் நகர்ந்தான், ஒரு சாண், அரைச் சாண், எருமைக்கன்றை இழுப்பதுபோல. சேறு விடுவதாக இல்லை. பிறகு ஒரு பெரிய வாய் முத்தமிடுகிற சத்தத்தோடு விட்டது, ஒரு பூட்ஸைத் தன்னோடு வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் கொஞ்சநேரம் தண்ணீரில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார்கள். பிறகு ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சங்கு கமறிப்போய், அழுகிற மாடுபோல ஊதிக்கொண்டிருந்தது. வைக்கோற்போர்களின் ஒல்லிக்கால்கள் தண்ணீருக்குள் மறைந்து தலைகள் மட்டும் மிதந்தன. கெட்டித்தரையில் கால் பட்டதும் கஃபி மண்டிபோட்டு வாந்தியெடுத்தான். ஆமோஸ் லாந்தரோடு ஓடிவந்தார். பட்டப்பகலில் லாந்தர். "எத்தனை தரம் ஊதறது? செவிடாடா நீங்க ரெண்டு பேரும்?" என்று கத்திவிட்டு, கஃபியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டு, தன் மேல்கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி, போர்வை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்.

வேலிக்கல்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சடையன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தண்ணீர் கல்லில் தட்டுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும், ஆனால் பிடி நழுவின மாதிரி இருந்தது.

"எனக்கு உன்மேலதான் கோபம் கோபமா வந்துச்சு," என்றான் கஃபி. பற்கள் அடித்துக்கொண்டன. "எவ்வளவு நேரமா எனக்குப் பக்கத்துலயே அறுத்துக்கிட்டிருந்தே. கத்தறேன், கெஞ்சறேன், ஏன்னு திரும்பிப் பாக்கலை நீ."

"நான் அங்க இல்லை கஃபி. நான் பாதி வழி வந்துட்டேன்."

கஃபி அவனைப் பார்த்தான். பிறகு பனியைப் பார்த்தான். ரகசியம்போலச் சொன்னான்: "நீ இல்லைன்னு எனக்கும் தோணிச்சு. நீ நின்னுதானே அறுப்பே. அது குனிஞ்சிருந்துச்சு. முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. பொம்பளை முதுகு." கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "அவ்வளவு கிட்டத்துல சைமன், கை நீட்டினா தொட்டுடலாம். அந்தக் கத்து கத்தறேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம் திரும்பியிருக்கலாமே. யாரு அவ? ஏன் திரும்பலை?"

சடையன் தன் கைகளைப் பார்த்தான். சேறு காய்ந்து விரலிடுக்குகளில் வெடித்திருந்தது.

"அவளுக்குக் காது கேக்காது," என்றான். "சின்ன வயசுலேருந்தே. கிட்ட போய் முதுகைத் தொட்டாத்தான் தெரியும்."